தரையில் படுத்திருந்தவர்

திருவொற்றியூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செங்கொடி அண்ணிக்கு,

எழில்மொழி எழுதுகிறேன். மாமா நன்றாக இருக்கிறார். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார், காய்ச்சல் இல்லை, முதுகில் புண் இல்லை. இதை முதலில் எழுதாவிட்டால் மேற்கொண்டு நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

போனிலேயே பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். இரண்டு முறை போனைக் கையில் எடுத்து வைத்துவிட்டேன். உங்களுக்குச் சாப்பாட்டு இடைவேளையில்தான் பேச முடிகிறது, கடையில் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். எனக்கும் பேச ஆரம்பித்தால் அழுகை வந்துவிடுகிறது. நம் தெருக்கோடி வீட்டு தவ்ஃபீக் விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் தம்பிக்கு நான் எழுதுவது தெரியாது. 'அக்கா தூரத்துல தனியா இருக்குது, எதுக்குச் சொல்லிக்கினு, விட்டுடு' என்கிறார். என்னால் விட முடியவில்லை.

வீட்டுச் செய்தி என்றால், கார்குழலி பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்துத் தேறிவிட்டாள். அத்தையிடம் நானே சொல்வேன் என்று உங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கிறாள். வெயில் தாங்கவில்லை. காலை எட்டு மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. கடற்காற்று வருவதற்குச் சாயங்காலம் ஆகிவிடுகிறது, வரும்போது எண்ணூர்ப் பக்கத்து நாற்றத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. குழாயில் தண்ணீர் வராததால் லாரித் தண்ணீர்தான். என் பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும். அதுவரை நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

மாமாவைப் பார்த்துக்கொண்ட பவானியம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வேலையை விட்டு நின்றுவிட்டார் என்று உங்கள் தம்பி உங்களிடம் சொன்னார் அல்லவா? அது பொய் இல்லை. ஆனால் நடந்தது அவ்வளவு மட்டுமில்லை.

மாமாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய சமயத்தில் நாம் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். வலது கை கால் வரவில்லை, பேச்சு போய்விட்டது, மூத்திரத்துக்குக் குழாய். இவரும் நானும் வேலைக்குப் போனால் யார் பார்ப்பது என்று திகைத்து நின்றபோது, நீங்கள்தான் அங்கிருந்தபடியே தேடி இந்த ஏஜென்சியைப் பிடித்துக் கொடுத்தீர்கள். இருபத்துநான்கு மணி நேரமும் வீட்டோடு ஆள், மாதம் இருபத்தெட்டாயிரம், ஆள் நின்றுவிட்டால் அன்றைக்கே மாற்று ஆள் என்றார்கள். பாதி நீங்கள், பாதி நாங்கள் என்று முடிவானது. அந்தப் பாதிக்காக நீங்கள் அங்கே கூடுதல் நேரம் நின்று வேலை செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும் அண்ணி. அதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

ஏஜென்சி மேனேஜர் கிருஷ்ணப்பனே ஒரு நாள் காலையில் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெளிர்நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. பெயர் பவானி, வயது நாற்பத்தைந்து என்று போட்டிருந்தது. ஆளைப் பார்த்தால் அதைவிடக் கூடவே தெரிந்தது. உழைத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். வந்த அன்றே மாமாவின் காதருகே போய், 'நைனா, நான் உன்னிய பாத்துக்க வந்துகீறேன், கூச்சப்படாத' என்றார். மாமா சிரித்தார். படுத்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கேமரா வைத்ததில் யாருக்கும் வருத்தமில்லை. தூரத்தில் இருக்கும் மகள் அப்பாவைப் பார்க்க வேறு என்ன வழி? டிவிக்கு மேலே, கட்டில் முழுவதும் தெரிகிற மாதிரி உங்கள் தம்பிதான் மாட்டினார். அடுப்படியும் பின்கட்டும் அதில் தெரியாது. அது தெரியாமல் போனதில் இவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்கு நமக்கு எப்படித் தெரியும்?

சித்திரையில் ஒரு நாள், கட்டிலுக்குப் பக்கத்தில் வெகுநேரம் ஆளே இல்லை என்று நீங்கள் ஏஜென்சிக்குச் சொன்னீர்கள். நீங்கள் சொன்னது சரிதான், அங்கே ஆள் இல்லை. அன்று மாமாவுக்கு வயிற்றுப்போக்கு. அந்த அம்மா பின்கட்டில் உட்கார்ந்து துணியெல்லாம் அலசிக்கொண்டிருந்தார். கிருஷ்ணப்பன் போனில் கூப்பிட்டது எனக்குத் தெரியும். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, 'ஒண்ணும் இல்ல கண்ணு, பக்கத்துலயே இருக்க சொன்னாங்க' என்றார். அதற்காக அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள் என்பதும், இன்னொரு முறை புகார் வந்தால் வேறு எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டோம் என்று சொன்னார்கள் என்பதும் எனக்கு இப்போதுதான் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. பாயைக் கேமராவுக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே வாங்கி மடியில் வைத்துச் சாப்பிட்டார். நான் மோர் கரைத்துக் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை வைத்துவிடுவார். இந்த வெயிலில் இப்படிச் செய்யலாமா என்று ஒரு நாள் அதட்டினேன். 'வேணாம் கண்ணு. குடிச்சா எழுந்து போவணும். நான் போற நேரத்துல அங்க பாத்துட்டாங்கன்னா பேஜாரு' என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன் அண்ணி. சிரித்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

இரண்டு நாளாக உடம்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரை கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் தெருவில் தண்ணீர் லாரி வந்தது. கார்குழலி கடைக்குப் போயிருந்தாள். நான் குடங்களை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வரிசையில் நிற்கும்போது கிருஷ்ணப்பனிடமிருந்து போன். 'மஸ்கட்டுலேந்து மேடம் கம்ப்ளைண்ட் குடுத்துருக்காங்க. பட்டப்பகல்ல அட்டெண்டர் தரையில படுத்துத் தூங்குறாங்களாம், பேஷண்ட் கைய ஆட்டிக்கிட்டு இருக்காராம். சாரி மேடம், சாயங்காலமே வேற ஆள் அனுப்புறேன்' என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாவம், அசதியில் கண்ணயர்ந்திருப்பார், போய் எழுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் முறை வந்திருந்தது. இரண்டு குடத்தையும் நிரப்பிக்கொண்டுதான் மாடி ஏறினேன். நீங்கள் பார்த்தபோது எப்படித் தோன்றியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. உள்ளே போய்ப் பார்த்தபோதும் அவர் தூங்குகிற மாதிரியேதான் கிடந்தார். ஒருக்களித்து, ஒரு கை தலைக்கு அடியில். மாமா இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டித் தட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். விரல் மூட்டில் தோல் கிழிந்து ரத்தம்.

தொட்டேன். அடுப்பைத் தொட்டது போலிருந்தது. புடவை நனைந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் வெள்ளைதான் தெரிந்தது. என் கையிலிருந்த குடம் எப்போது விழுந்தது என்று தெரியாது, அறை முழுக்கத் தண்ணீர். அதற்குள் கார்குழலி வந்துவிட்டாள். அவளைத் தாத்தாவோடு விட்டுவிட்டு, தவ்ஃபீக்கும் நானும் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனோம். தண்டையார்பேட்டை தாண்டும்வரை மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே கையை வைத்துக்கொண்டே போனேன்.

அங்கே சீட்டு போடுகிறவர் பெயர் கேட்டார். பவானி என்றேன். வயது நாற்பத்தைந்து என்றேன். நீங்கள் யார் என்றார். எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் என்றதும், முதலில் சொந்தக்காரங்களை வரச் சொல்லுங்கள் என்றார். அவருடைய போனில் நீலா என்ற பெயர்தான் முதலில் இருந்தது. கூப்பிட்டேன். பவானியம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்றேன். அந்தப் பெண், 'பவானியா? அது எங்க சின்னம்மா, அவங்க மீஞ்சூர்ல நல்லாதானே கீறாங்க. நீங்க யாரு, எங்கம்மா போன் உங்க கையில எப்பிடி வந்துச்சி?' என்றாள்.

நான்கு மாதம் எங்கள் வீட்டில் சாப்பிட்டு, எங்கள் வீட்டில் தூங்கி, மாமாவுக்குக் குழந்தைக்குச் செய்வது போலச் செய்தவருடைய பெயர்கூட நமக்குத் தெரியவில்லை. அவர் பெயர் ஞானம். வயது அறுபத்து மூன்று. வீடு சடையங்குப்பம். ஐம்பதுக்கு மேற்பட்டவர்களை ஏஜென்சியில் எடுக்க மாட்டார்களாம். அதனால் தங்கையின் ஆதாரைக் கொடுத்துச் சேர்ந்திருக்கிறார். அது கிருஷ்ணப்பனுக்கும் தெரியும் என்று நீலா சொல்கிறாள். தெரியாது என்கிறார் அவர்.

வார்டில் ஒரு பெண் டாக்டர் இருந்தார், கார்குழலிக்கு அக்கா போலச் சின்ன வயது. மூத்திரத்தில் கிருமி, அது ரத்தத்தில் கலந்துவிட்டது, சிறுநீரகம் இரண்டும் அடிபட்டிருக்கிறது என்றார். 'சக்கரை வேற இருக்கு. இவங்க எத்தனை நாளா தண்ணியே குடிக்காம, ஒண்ணுக்கும் போகாம அடக்கிக்கிட்டு இருந்தாங்க? வீட்ல பாத்ரூம் இல்லையா?' என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். பாத்ரூம் இருக்கிறது என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

பிழைத்துவிட்டார் அண்ணி. அதையும் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினில் சில முறை போட்டார்கள். நீலாவும் நானும் மாறி மாறி வெளியே உட்கார்ந்திருந்தோம். வேளச்சேரிப் பக்கத்து வீடுகளில் எல்லாம் ஆள் அனுப்புகிற இந்த ஏஜென்சியிலிருந்து ஒருவர்கூட எட்டிப்பார்க்கவில்லை. ஆனால் சொன்னபடி அன்று சாயங்காலமே மாற்று ஆளை அனுப்பிவிட்டார்கள். இருபது வயதுகூட இருக்காது. அதே நீலக் கோட்டு. நான் அவளை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, திருப்பி அனுப்பிவிட்டேன். வாசலில் நின்று, 'என் மேல எதுனா கம்ப்ளைண்டா மேடம்?' என்று கேட்டாள்.

மயக்கம் தெளிந்த பிறகு முதல் தடவையாக என்னை உள்ளே விட்டார்கள். கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ கேட்டார், குரல் எழும்பவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன். 'கேமராவுல அந்தம்மா பாத்துட்டாங்களா?' என்றார். நான் போர்வையை இழுத்துவிட்டேன். 'நான் தூங்கல கண்ணு. தல சுத்திக்கினு வந்துச்சி. அவங்களாண்ட சொல்லிடு, நான் தூங்கல' என்றார்.

சொல்லிவிட்டேன் அண்ணி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் எப்படிச் சொல்வேன்?

உங்கள் தம்பி நீலாவைக் கூட்டிக்கொண்டு ஏஜென்சி ஆபீசுக்குப் போனார். ஒரு செல்போன் கடைக்கு மேலே ஒரே அறை, இரண்டு நாற்காலி, சுவர் நிறைய வெள்ளைக்காரப் பாட்டிகள் சிரிக்கிற படம். மருத்துவச் செலவுக்கு ஏதாவது கொடுங்கள், பாக்கிச் சம்பளத்தையாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். 'சார், அவங்க எங்க ஸ்டாஃப் கெடையாது. உங்களுக்கு ஆள் வேணும், அவங்களுக்கு வேல வேணும், நாங்க நடுவுல சேத்து வெக்கிறோம், அவ்ளோதான். அக்ரிமெண்ட்ட படிச்சுப் பாருங்க' என்றாராம் கிருஷ்ணப்பன். வீட்டுக்கு வந்து படித்தோம். அப்படித்தான் போட்டிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட இடத்துக்கு நேர் மேலேயே போட்டிருக்கிறது. வயதை மறைத்ததற்கு ஏஜென்சிதான் அந்த அம்மா மேல் வழக்குப் போட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். நாம் கொடுத்த இருபத்தெட்டாயிரத்தில் அவர் கைக்குப் போனது பன்னிரண்டாயிரம். அதிலும் பிடித்தம் போக. இத்தனை மாதமும் பணம் முழுவதும் அவருக்குத்தான் போகிறது என்று நினைத்து, 'நல்ல சம்பளம்தானே' என்று நானே பக்கத்து வீட்டில் பேசியிருக்கிறேன்.

இதையெல்லாம் உங்கள் தம்பி மாமாவின் கட்டிலில் உட்கார்ந்துதான் என்னிடம் சொன்னார். மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். ஹார்பர் கேட்டில் கான்ட்ராக்ட் ஆட்களுக்காகக் கொடி பிடித்து நின்றவர் அல்லவா. உங்களுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அல்லவா. 'ஸ்டாஃப் கெடையாது' என்று இவர் சொன்னதும், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் வரை திரும்பவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அங்கேயும் முதல் கேள்வி, முதலாளி யார் என்பதுதான். ஏஜென்சியா, நாமா என்று அவர்களே முடிவு செய்யட்டும். நாம்தான் என்று சொன்னால் ஒப்புக்கொள்வோம் என்று உங்கள் தம்பி சொல்லிவிட்டார்.

ஞானம் அம்மா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். போன வாரம் சடையங்குப்பம் போய்ப் பார்த்தேன். மழை வந்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற தெரு. ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் போக வேண்டும், இனிமேல் இப்படிப்பட்ட வேலைக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீலா மீன் கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறாள். அந்த லீவுக்குச் சம்பளம் கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மாதம் நீங்கள் அனுப்பிய பணத்தை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டேன். எங்கள் பங்கையும் சேர்த்துக் கொடுத்தேன். உங்களைக் கேட்காமல் செய்தது தவறு. நான் கொடுத்தால் வாங்க மாட்டார் என்று தெரிந்ததால், 'அண்ணிதான் மஸ்கட்டிலிருந்து உங்களுக்கென்று அனுப்பினாங்க' என்று சொல்லிவிட்டேன். பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, 'அவங்களுக்கு என் மேல கோவம் போயிடுச்சா?' என்று கேட்டார். போய்விட்டது என்று சொன்னேன். நான் சொன்னது பொய்யாகிவிடாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே என்ன செய்கிறோம் என்று கவலைப்படாதீர்கள். இனி இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் ஒரே ஆள் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மாத்தூரில் ஒரு நர்ஸிங் ஹோமில் ஆயாவாக இருந்த ஒருவர் ஜூனிலிருந்து காலையில் வந்து மாலையில் போவார். ஏஜென்சி இல்லை. ஞாயிறு விடுமுறை. இரவில் நாங்கள் இருவரும் முறை வைத்துக்கொள்வோம். செலவு குறையாது, ஆனால் கொடுப்பது உழைக்கிற கைக்குப் போய்ச் சேரும். வேலை பேச வந்தபோது முதல் வேலையாக அவர் பெயரைக் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன், சிரித்துவிட்டார்.

அண்ணி, கடைசியாக ஒன்று இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று நேற்று முழுவதும் யோசித்தேன். உங்கள் தம்பியிடம்கூட நான் முழுதாகச் சொல்லவில்லை.

கேமரா பழுதாகிவிட்டது என்று நாங்கள் சொன்னது பொய். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் நான்தான் பிடுங்கி பீரோவில் வைத்தேன். உங்கள் மேல் கோபத்தில் இல்லை, சத்தியமாக இல்லை. காரணம் மாமா.

அதை மாட்டிய புதிதில் நீங்கள் அதன் வழியாகவே பேசுவீர்கள். 'அப்பா, கொடி பேசுறேன்' என்று சத்தம் வரும். மாமா அதைப் பார்த்துச் சிரிப்பார். பிறகு, வேலை நேரத்தில் கடையில் சத்தம் கேட்கிறது என்று நீங்கள் ஒலியை அணைத்துவிட்டுப் படம் மட்டும் பார்க்க ஆரம்பித்தீர்கள். அது மாமாவுக்கு எப்படித் தெரியும்? அவருக்கு அந்தப் பெட்டிக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். எப்போதும் இருக்கிறீர்கள்.

அன்று நான் குடத்தோடு மாடிப்படி ஏறும்போது ஒரு குரல் கேட்டது. யாரோ ஆண் குரல், உடைந்து, கரகரவென்று. நம் வீட்டில் யார் என்று திகைத்தேன். உள்ளே போனால் மாமா. 'கொடி! கொடி!' என்று கத்திக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்ப்பார், இடது கையால் தரையில் கிடந்தவரைக் காட்டுவார், மறுபடியும் கேமராவைப் பார்த்து, 'கொடி!' என்பார். படுத்த நாளிலிருந்து ஒரு சொல்கூட வராத வாயில் முதலில் வந்த சொல் அதுதான். மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கூப்பிட்டால் ஓடி வந்து அந்த அம்மாவைத் தூக்குவாள் என்று நம்பிக் கூப்பிட்டிருக்கிறார்.

நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். சத்தம்தான் கேட்கவில்லை. இதில் உங்கள் குற்றம் என்று எதை எடுத்து நான் சொல்ல முடியும்? கீழே நின்ற எனக்கும்தான் கேட்கவில்லை.

நான் திரும்பி வந்தபோதும் அவர் அதைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் பிடுங்கினேன். இப்போதும் தினமும் சொல்கிறார். பசித்தால் கொடி, வலித்தால் கொடி, கார்குழலியைப் பார்த்தாலும் கொடி. டாக்டரிடம் காட்டினோம். ஒரு சொல் வந்தால் மற்றதும் வரும், நிறையப் பேச்சுக் கொடுங்கள் என்றார். நான் பேசுகிறேன், இவர் பேசுகிறார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு டிவிக்கு மேலே இருக்கிற வெறும் ஆணியைப் பார்க்கிறார்.

இதைப் படித்துவிட்டு உங்களுக்கு எங்கள் மேல் கோபம் வந்தால் வரட்டும். எங்களோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அடுத்த விடுமுறை நாளில், கடையில் இல்லாமல் உங்கள் அறையில் இருக்கும்போது, வீடியோவில் கூப்பிடுங்கள். போனை மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறேன். நாங்கள் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டோம். உங்களுக்கு அழுகை வந்தால் அழுங்கள், அவரும் அழுவார், ஒன்றும் ஆகாது. அவர் உங்கள் பெயரைச் சொன்னதும், 'இதோ இருக்கிறேன்ப்பா, கேட்குது' என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்குக் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாக.

உங்கள் பதிலுக்கு ஏங்கும்,
எழில்மொழி